கொழுப்பினுள் ஒரு காவற்படை

நமது மொழியிலே கொழுப்பு என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. உடலிற் படியும் நிணத்தையும் அது குறிக்கும். மனத்திற் படியும் திமிரையும் குறிக்கும். ‘அவனுக்குக் கொழுப்பு’ என்று ஒருவர் சொல்லும்போது அவனுடைய எடையைப் பற்றி அவர் பேசவில்லை என்பது எவருக்கும் தெரியும். இவ்விரு பொருளும் ஒரே சொல்லில் குடியிருப்பது தற்செயலாக நிகழ்ந்ததெனக் கொள்வதற்கில்லை. உழைப்பவன் மெலிந்திருப்பான், அவ்வுழைப்பை உண்பவன் பருத்திருப்பான் என்பது நெடுங்காலமாக நம் கண்முன் நின்ற காட்சி. முற்போக்கு ஏடுகளிலே முதலாளியை வரைய முற்பட்ட ஓவியர்கள் முதலில் ஒரு தொந்தியைத்தான் வரைந்தார்கள். கோட்டும் சுருட்டும் அதன் பின்னரே வந்து சேர்ந்தன.

அக்காட்சி இன்று பெரும்பாலும் பொய்த்துவிட்டது. 2022ஆம் ஆண்டின் கணக்குப்படி உலகிலே 100 கோடிக்கு மேற்பட்டோர், அதாவது எட்டுப் பேரில் ஒருவர், உடற்பருமன் உடையவர்கள். செல்வந்த நாடுகளிலே இது வசதி படைத்தோரைக் காட்டிலும் வறியோரிடையேதான் மிகுதி. பெண்களிடையே இவ்வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. அந்நாடுகளில் மலிவான உணவு என்பது சீனியும் மாவும் எண்ணெயும் கலந்து பொதியிலடைத்த உணவு. தொந்தி வர்க்கம் மாறிவிட்டது, ஏச்சு மாறவில்லை. பருத்த மாணவனைப் பார்த்து வகுப்பு சிரிக்கிறது. ஆசிரியரும் சில வேளைகளில் உடன் சிரிக்கிறார். அவன் வளர்ந்து வைத்தியரிடம் போனால், ‘வாயைக் கட்டு’ என்ற ஒரே அறிவுரை கிடைக்கிறது. முதியவர் ஒருவர் போனால், ‘வயது போய்விட்டது, வேறென்ன?’ என்கிறார்கள். முன்னவருக்குக் குற்றம் சாட்டப்படுகிறது. பின்னவருக்கு விதி காட்டப்படுகிறது. கொழுப்பிழையத்தினுள் என்ன நிகழ்கிறது என்ற கேள்வியை இருவருக்காகவும் எவரும் எழுப்புவதில்லை.

அக்கேள்விக்குக் கடந்த முப்பது ஆண்டுகளிலே கிடைத்த விடை விந்தையானது. கிருமிகளோடு போரிடுவதற்கென உடல் வைத்திருக்கும் காவற்படையின் ஒரு பெரும் பிரிவு கொழுப்பினுள்ளே பாளையமிட்டு வாழ்கிறது. மனிதன் பருக்கும்போதும் மூப்படையும்போதும் அப்படை குணம் மாறுகிறது. காக்க வேண்டிய வீட்டிலேயே ஓயாத சிறு நெருப்பொன்றை மூட்டிவிடுகிறது. இவ்வுண்மை எவ்வாறு அறியப்பட்டது, அதை அறிய ஏன் ஒரு நூற்றாண்டு சென்றது என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாறு இத்தாலியின் தென்கோடியில், சிசிலித் தீவின் மெசீனா நகரிலே தொடங்குகிறது. 1881இல் ருஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டதை அடுத்து அந்நாட்டின் பல்கலைக்கழகங்களில் அடக்குமுறை தலைவிரித்தாடியது. ஒடெசாப் பல்கலைக்கழகத்தில் விலங்கியற் பேராசிரியராயிருந்த இலியா மெச்னிக்கோவ் 1882இல் பதவியைத் துறந்து குடும்பத்தோடு மெசீனாவுக்குப் போய்ச் சேர்ந்தார். ஒருநாள் வீட்டார் யாவரும் சேர்க்கஸ் கூடாரத்திலே குரங்குகளின் வித்தை பார்க்கச் சென்றுவிட, அவர் மட்டும் நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்து நட்சத்திர மீனின் குடம்பியை நோக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி போன்ற அக்குடம்பியினுள் சில கலங்கள் தாமாகவே ஊர்ந்து திரிவதை அவர் கண்டார். அந்நியப் பொருள் ஒன்று உட்புகுந்தால் இவை அதை எதிர்த்துத் திரளுமோ என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. தோட்டத்து ரோசாச் செடியின் முட்கள் சிலவற்றைக் கொய்து வந்து குடம்பிகளின் தோலின்கீழ்ச் செருகினார். அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. விடியலிற் பார்த்தபோது முள்ளைச் சுற்றி ஊரும் கலங்கள் முற்றுகையிட்டு நின்றன.

விரலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து வீங்கிச் சீழ் கட்டுவதை அறியாதார் யார்? செம்மை, வீக்கம், வெப்பம், நோவு என்ற நான்கு குறிகளை உரோம நாட்டுச் செல்சசு என்பார் முதலாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். அழற்சி எனப்படும் அந்நிலையை நோயின் ஒரு கூறாகவே பலரும் கருதிவந்தனர். மெச்னிக்கோவோ அது உடலின் தற்காப்பு என்றார். கிருமியை விழுங்கிச் செரிக்கும் வெண்குழியங்களுக்குத் தின்குழியங்கள் என்று பொருள்படும் கிரேக்கப் பெயர் சூட்டப்பட்டது. அவற்றுட் பெரியன பெருந்தின்குழியங்கள் எனப்பட்டன. இக்கருத்து ஜேர்மனிய அறிஞரிடையே கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. ஆயின் 1883இல் மெசீனாவுக்கு வந்திருந்த ஜேர்மனியப் பேரறிஞர் ருடோல்ப் விர்க்கோ, மெச்னிக்கோவின் நுணுக்குக்காட்டியூடாகப் பார்த்து அவருக்கு ஊக்கமளித்தார். இந்த விர்க்கோவை நம் வாசகர்கள் வேறொரு காரணத்துக்காகவும் அறிந்திருத்தல் வேண்டும். 1848இல் மேற்சைலீசியாவிலே ஏழை மக்கள் தைபசுக் காய்ச்சலால் மடிந்தபோது, காரணம் அறிந்துவர அரசாங்கம் அவரை அனுப்பிற்று. அவர் எழுதிவந்த மருந்துச் சீட்டிலே கல்வியும் சுதந்திரமும் நல்வாழ்வும் குடியாட்சியும் இருந்தன. நோயாளியைக் குற்றவாளியாக்க அவர் மறுத்தார்.

மெச்னிக்கோவ் 1888இல் பாரிசு நகரத்துப் பாஸ்ரர் நிலையத்தில் இடம்பெற்றார். 1908இல் போல் ஏர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்தார். அவரது பிற்காலச் சிந்தனை முழுவதும் மூப்பைப் பற்றியது. மூப்பியல் என்னும் துறைக்கு 1903இல் பெயரிட்டவரே அவர்தான். தாம் கண்டெடுத்த காவலாளி மீதே அவருக்குச் சந்தேகம் பிறந்தது. முதுமையிலே பெருந்தின்குழியங்கள் கட்டுமீறி, மயிரின் நிறப்பொருளைத் தின்று நரையை உண்டாக்குகின்றன, மூளையின் நரம்புக் கலங்களைச் சூழ்ந்து அரிக்கின்றன என்று அவர் எழுதினார். குடலிலே அழுகலை உண்டாக்கும் கிருமிகளைத் தடுக்கப் புளித்த பாலை உண்ணுமாறும் கூறினார். தயிர் வணிகர் இரண்டாவது கருத்தைப் பற்றிக்கொண்டனர். முதலாவதை எவரும் பொருட்படுத்தவில்லை. நரைக்கு அவர் சொன்ன காரணம் பிழையென்பது உண்மைதான். ஆனால் பிழையான உதாரணத்தோடு ஒரு நல்ல கேள்வியும் சேர்ந்து புதைந்து போயிற்று.

அக்காலத்திலே கொழுப்பிழையத்தை உற்றுநோக்க எவருக்கும் தோன்றவில்லை. அது வெறும் களஞ்சியம். வரவு மிகுந்தால் நிறையும், செலவு மிகுந்தால் குறையும் என்பதே பாடநூற் கருத்து. இதற்கு ஆய்வுகூட முறையும் துணைபோயிற்று. இழையத்தை மெழுகிற் பதித்துச் சீவுமுன் அதனைச் சாராயத்திலும் பிற கரைப்பான்களிலும் ஊறவைப்பர். அதனால் கொழுப்பு முழுவதும் கரைந்தோட, நுணுக்குக்காட்டியின்கீழ் ஒரு வெற்று வலையே எஞ்சும். வெற்று வலையைப் பார்த்துக் களஞ்சியம் என்று சொன்னவர்களை நாம் அதிகம் குறைகூற முடியாது. 1947இல் மார்சேய் நகரத்து வைத்தியர் ஜோன் வாக், வயிற்றிற் படியும் கொழுப்பு இடுப்பிலும் தொடையிலும் படிவதைவிட ஆபத்தானது, நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் இட்டுச் செல்வது என்று எழுதினார். எடை ஒன்றாயினும் இடம் வேறாயின் விளைவும் வேறாகும் என்ற இக்கூற்றைப் பலரும் படித்துவிட்டு மறந்தனர்.

மறதிக்கு இன்னொரு சான்றும் உண்டு. அது இதனினும் பெரியது. 1876இல் ஜேர்மனியிலே வில்லெம் எப்ஸ்ரைன் என்பவர், வாதக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் சலிசிலேற்று மருந்தை நீரிழிவு நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்தார். சிறுநீரிற் சீனி குறைந்தது. 1901இல் இங்கிலாந்தின் மான்செஸ்ரர் நகரிலே வில்லியம்சன் என்பவர் அதையே மீண்டும் கண்டு எழுதினார். அழற்சியைத் தணிக்கும் மருந்து நீரிழிவைத் தணிப்பானேன் என்று அன்று கேட்டிருந்தால் நமது வரலாறு அங்கேயே திசைமாறியிருக்கும். ஆயின் 1921இல் ரொறன்ரோவிலே இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. சாவின் வாயிலிற் கிடந்த சிறுவர்கள் எழுந்து நடந்தார்கள். அப்பேரொளியிலே பழைய மருந்து கண்ணுக்குத் தெரியாது போயிற்று. கண்டுபிடித்தோர் அதன் உரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கையளித்தார்கள் என்பதையும் இங்கே குறித்துவைப்போம். பின்னர் இதை ஒப்புநோக்க வேண்டியிருக்கும்.

1936இலேயே இலண்டனில் ஹரல்ட் ஹிம்ஸ்வேத் என்பார், நீரிழிவுகாரர் எல்லோருக்கும் இன்சுலின் பற்றாக்குறை இல்லை என்பதைக் காட்டினார். சிலரது உடலில் இன்சுலின் இருக்கிறது. உடல் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. இன்சுலின் கதவைத் தட்டுகிறது, கலம் திறக்க மறுக்கிறது. பருத்தவரிடமும் முதியவரிடமும் மிகுதியாகக் காணப்படும் இச்செவிட்டுத்தன்மையின் காரணம் எவருக்கும் விளங்கவில்லை.

விளக்கம் நேர்மாறான ஒரு திசையிலிருந்து, மெலிவைப் பற்றிய ஆராய்ச்சியிலிருந்து வந்தது. நியூயோர்க்கின் ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்திலே அன்ரனி செராமி என்பவர், ஆபிரிக்காவில் மனிதருக்கு உறக்க நோயையும் கால்நடைகளுக்கு அழிவையும் தரும் ஒட்டுண்ணிகள் முயலை எவ்வாறு எலும்பும் தோலுமாக்குகின்றன என்று ஆராய்ந்தார். கிருமி சிறிதளவே இருந்தும் விலங்கு உருகிப் போவதைக் கண்ட அவர், உடலே சுரக்கும் ஒரு பொருள் இதைச் செய்கிறது என ஊகித்தார். 1985இல் அவரும் புரூஸ் பொய்ற்லரும் அப்புரதத்தைப் பிரித்தெடுத்தனர். புற்றுக்கட்டியை அழிக்கும் பொருளென 1975இல் வேறு ஆய்வாளர் கண்டு பெயரிட்டிருந்த புரதமும் இதுவும் ஒன்றே என்பது பின்னர் தெளிவாயிற்று. பெருந்தின்குழியங்கள் அதை ஏராளமாகச் சுரக்கின்றன.

உடலை உருக்கும் புரதம் மெலிந்தோரிடம் இருக்கும் என்றுதான் எவரும் எண்ணுவர். பொஸ்ரன் நகரிலே, துருக்கியிலிருந்து வந்த இளம் வைத்தியரான கொக்கான் ஹொத்தாமிஷ்லிகில் என்பவரும் அவரது ஆசான் புரூஸ் ஸ்பீகல்மனும் சகாக்களும் அதைப் பருத்த எலிகளின் கொழுப்பிலே மிகுதியாகக் கண்டனர். அப்புரதத்தைச் செயலிழக்கச் செய்ததும் அவ்விலங்குகளின் உடல் மீண்டும் இன்சுலினுக்குச் செவிசாய்த்தது. இக்கட்டுரை 1993 ஜனவரியில் வெளியாயிற்று. இன்சுலினின் செய்தியைக் கலத்தினுள் ஏந்திச் செல்லும் புரதத்தையே இப்பொருள் முடக்குகிறது என்பதும் சில ஆண்டுகளில் அறியப்பட்டது. களஞ்சியம் என்ற கருத்து அன்றோடு முடிந்தது எனலாம். ஆயினும் அவ்வகை மாற்று மருந்தொன்றை நீரிழிவு நோயாளர் சிலருக்குக் கொடுத்துப் பார்த்து 1996இல் வெளியான பரிசோதனையிலே பயனெதுவும் காணப்படவில்லை. சுண்டெலி மனிதனல்ல, ஒரு பொருளை அடக்கினால் மற்றொன்று தலைதூக்கும். 1997இல் இலண்டனில் ஜோன் யுட்கின் முதலியோர், மனிதரின் தோலடிக் கொழுப்பு அழற்சியைத் தூண்டும் வேறொரு புரதத்தை நேரே இரத்தத்திற்குள் விடுவதை அளந்து காட்டினர்.

இதற்கிடையே, 1994இல் ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெவ்ரி பிரீட்மனும் அவர் குழுவினரும், கொழுப்புச் சேமிப்பின் அளவை மூளைக்கு அறிவிக்கும் லெப்ரின் என்ற ஓமோனின் பரம்பரையலகைக் கண்டனர். கொழுப்பிலே சுரக்கும் ஓமோன் அது. அதற்கான உரிமத்துக்கு ஒரு மருந்துக் கம்பனி முன்பணமாக மட்டும் 2 கோடி டொலர் கொடுத்தது. பரம்பரைக் குறையால் லெப்ரின் இல்லாத மிகச் சிலருக்கு அம்மருந்து மறுவாழ்வு தந்தது. ஏனைய பருத்தவர்களிடம் அது ஏற்கெனவே மிகுதியாக இருந்தது, பயன்படவில்லை. ஒரு டொலரிலிருந்து 2 கோடி டொலருக்கு எழுபது ஆண்டுத் தூரம்.

கொழுப்பிலே இந்த அழற்சிப் பொருட்களைச் சுரப்பது யார்? கொழுப்புக் கலங்களே என்று பத்தாண்டுகள் நம்பப்பட்டது. 2003 டிசம்பரில் ஒரே மருத்துவ ஏட்டிலே இரு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்து அன்ரனி பெரான்ரே குழுவினருடையது. மற்றது மசாசூசெற்ஸ் மாநிலத்து மருந்துக் கம்பனியொன்றின் ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. இரண்டும் ஒன்றையே கூறின: சுரப்பவை மெச்னிக்கோவின் பெருந்தின்குழியங்கள். மெலிந்த உடலின் கொழுப்பிழையத்திலே அவை பத்தில் ஒரு பங்குக்குக் குறைவு. மிகப் பருத்த மனிதரில் அவை நூற்றுக்கு நாற்பதை அணுகின. லெப்ரின் இல்லாத சுண்டெலிகளில் அரைப்பங்கையும் தாண்டின. நாம் கொழுப்பு என்று சுமப்பதிலே ஒரு பெரும்பகுதி கலங்கள் கொழுப்புக் கலங்களே அல்ல.

அவை அங்கே ஏன் வந்தன என்பதற்கு இத்தாலியின் அங்கோனா நகரத்து இழையவியலாளர் சவேரியோ சிந்தி முதலியோர் 2005இல் விடை தந்தனர். பருத்த கொழுப்பிலுள்ள பெருந்தின்குழியங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை இறந்த கொழுப்புக் கலங்களைச் சூழ்ந்து கிரீடம்போல் வளையமிட்டு நின்றன. கலம் அளவுக்கு மீறிப் பெருக்கிறது, இறக்கிறது, அதன் எண்ணெய்த் துளி அநாதையாகக் கிடக்கிறது. அதை அகற்றக் காவலர் திரள்கின்றனர். துளி பெரிது, காவலர் சிறியர், வேலை முடிவதேயில்லை. மெசீனாக் கடற்கரையில் ரோசா முள்ளைச் சூழ்ந்து நின்ற அதே வளையந்தான் இது. முள்ளைப் பிடுங்கி எறியலாம். இது உடலின் சொந்த முள்.

கொழுப்புக் கலம் இறப்பதும் பிறப்பதும் எவ்வளவு வேகத்தில் என்பதை அளந்த கதை சுவையானது. 1950களின் நடுவிலிருந்து 1963 வரை வல்லரசுகள் திறந்த வெளியில் வெடித்த அணுகுண்டுகள் வளிமண்டலத்திலே கதிரியக்கக் காபனை நிரப்பின. அது பயிரிற் புகுந்து, உணவிற் புகுந்து, அக்காலத்திற் பிறந்த கலம் ஒவ்வொன்றின் கருவிலும் பொறிக்கப்பட்டது. 1963இன் தடை உடன்படிக்கைக்குப் பின் அதன் அளவு ஆண்டுதோறும் இறங்கியது. ஆதலால் ஒரு கலத்திலுள்ள காபனைக் கொண்டு அது பிறந்த ஆண்டைக் கணிக்கலாம். சுவீடனின் கிர்ஸ்ரி ஸ்போல்டிங் முதலியோர் 2008இல் இவ்வாறு கணித்து, மெலிந்தவராயினும் பருத்தவராயினும், இளையவராயினும் முதியவராயினும், வளர்ந்தோரின் கொழுப்புக் கலங்களில் ஆண்டுக்குப் பத்திலொரு பங்கு புதுப்பிக்கப்படுகிறது என்றனர். சோதனைகளுக்கு எதிராக அன்று ஊர்வலம் போனவர்கள், அந்தக் குண்டுகளின் தடயம் தமது தொந்தியிலேயே பதிந்துகொண்டிருந்ததை அறிந்திருக்க மாட்டார்கள்.

இதன்பின் ஆராய்ச்சி விரைந்தது. மெலிந்த கொழுப்பில் வாழும் தின்குழியங்கள் அமைதியானவை, துப்புரவும் பழுதுபார்ப்பும் செய்பவை. பருத்த கொழுப்புக்கு இரத்தத்திலிருந்து புதிதாக வந்து சேர்பவை போர்க்குணம் கொண்டவை என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2007இல் எழுதினர். 2009இல் ரீ-குழியங்களின் முறை வந்தது. தைமசுச் சுரப்பியில் முதிர்ச்சியடையும் இக்குழியங்களுள் ஒருவகை, போரை நிறுத்தும் பணியுடையது; ஜப்பானின் ஷிமோன் சக்கக்குச்சி 1995இல் இனங்கண்ட இவ்வகைக்காக 2025இன் நோபல் பரிசு அவருக்கும் வேறிருவருக்கும் வழங்கப்பட்டது. மெலிந்த சுண்டெலிகளின் வயிற்றுக் கொழுப்பில் இச்சமாதானக் குழியங்கள் மிகுதியாக உண்டென்றும், பருமன் ஏறும்போது அவை அருகிவிடுகின்றன என்றும் பொஸ்ரனில் டயான் மத்திஸ் குழுவினர் கண்டனர். தோக்கியோவிலே, தாக்கும் வகை ரீ-குழியங்கள் பெருந்தின்குழியங்களுக்கு முன்னரே கொழுப்பினுட் புகுந்து அவற்றை அழைத்து வருகின்றன எனக் காட்டினர்.

மூப்பும் இதே கதைதானா? அப்படித்தான் பலரும் எதிர்பார்த்தனர். 1961இல் ஜாக் மில்லர் தைமசின் பணியை வெளிப்படுத்தினார். அச்சுரப்பி இளமையிலேயே சுருங்கத் தொடங்கி, முதுமையில் அதன் இடத்தைக் கொழுப்பே பிடித்துக்கொள்கிறது. புதிய படைவீரர் வருவது குன்ற, பழைய வீரரே எஞ்சுகின்றனர். 2000ஆம் ஆண்டிலே இத்தாலியின் குளோடியோ பிரான்செஸ்கி, முதியோர் உடலில் கிருமியேதும் இல்லாமலே கனன்றுகொண்டிருக்கும் மெல்லிய அழற்சியை மூப்பின் இயல்பெனக் கூறி அதற்கொரு பெயரும் இட்டார். பருமனிலும் மெல்லிய அழற்சி, மூப்பிலும் மெல்லிய அழற்சி. ஆகவே பருமன் என்பது முந்திவந்த மூப்பு என்று சொல்வது எளிதாயிற்று. இன்றும் பிரபல ஏடுகள் அவ்வாறே எழுதுகின்றன.

2015இல் கலிபோர்ணியாவின் சோல்க் நிலையத்தார் வெளியிட்ட முடிவு அந்த எளிமையைக் குலைத்தது. மேலே கூறிய சமாதானக் குழியங்கள் முதிய சுண்டெலிகளின் கொழுப்பிலே அருகவில்லை, மாறாகப் பெருகியிருந்தன. அவற்றை அகற்றியபோது முதுமையால் வரும் இன்சுலின் செவிட்டுத்தன்மை குறைந்தது. பருமனால் வரும் செவிட்டுத்தன்மையோ அதனால் குறையவில்லை. ஒரே குழியம் ஓரிடத்தில் காப்பாளன், மற்றோரிடத்தில் தடையாளன். பழுதுபட்ட தோற்றம் ஒன்றாயிருக்க, பழுதின் வழி எதிரெதிராயிருந்தது. பருத்த இளைஞனுக்கு நன்மை தரும் மருந்து மெலிந்த கிழவருக்குத் தீமையாகலாம் என்பது இதன் பொருள். சுண்டெலியிற் கண்டது மனிதனிலும் அவ்வாறே பொருந்துமோ என்பது தனிக் கேள்வி. 1996இன் பாடத்தை நாம் மறக்கலாகாது.

2017இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலே விஷ்வ தீப் டிக்சித் தலைமையில் நடந்த ஆய்வு இன்னும் வியப்பூட்டுவது. நாம் பட்டினி கிடக்கும்போது நரம்பு நுனிகள் நோரதிரினலீன் என்ற தூதுப்பொருளைக் கொழுப்பினுள் விடுகின்றன. அத்தூதைக் கேட்டுக் கொழுப்புக் கலம் தன் சேமிப்பைத் திறக்கிறது. முதிய சுண்டெலியிலே, நரம்பை அண்டி நிற்கும் பெருந்தின்குழியங்கள் அத்தூதுப்பொருளை வழியிலேயே பிடித்துச் சிதைத்துவிடுகின்றன. சேமிப்புத் திறக்கப்படுவதில்லை. சிதைக்கும் நொதியத்தைத் தடுத்தபோது முதிய விலங்கின் கொழுப்பும் இளையதுபோல் இளகிற்று. வயதானோர் குறைவாக உண்டும் வயிறு கரையாதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம். முதுமையில் பெருந்தின்குழியம் நரம்பைச் சூழ்ந்து நின்று கேடு செய்கிறது என்று 1903இல் எழுதியவரை நினைவுகூராமல் இதைப் படிக்க முடியாது. மூளை என்றார் அவர்; கொழுப்பு என்கிறது இது. அதைத் தீர்க்கதரிசனம் என்று போற்றுவது மிகை. ஆனால் அன்று சிரித்தவர்கள் சற்று அவசரப்பட்டுவிட்டார்கள்.

2020இலே இவ்வாராய்ச்சி ஆய்வுகூடத்தை விட்டு வெளியே வந்தது. கொவிட் பெருந்தொற்றிலே இறந்தோரின் கணக்கை எந்த நாடு எடுத்தாலும் முதுமை முதலில் நின்றது. உடற்பருமனும் அபாயங்களின் வரிசையில் முன்னணியில் இருந்தது. அவ்வைரசு கொழுப்புக் கலங்களையும் அங்குள்ள பெருந்தின்குழியங்களையும் தொற்றி அழற்சியைப் பெருக்குகிறது என்பதை ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார் 2022இல் காட்டினர். ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்த வீட்டிலே தீப்பொறி விழுந்தது போன்றது அது. வாயைக் கட்டாதவர் மடிந்தார் என்று அப்போதும் சிலர் பேசினர்.

இனி மருந்து. 2001இல் ஹாவார்ட்டின் ஸ்ரீவன் ஷூல்சன் குழுவினர், சலிசிலேற்று மருந்து கலத்தினுள் அழற்சியின் திறப்புக்கோலொன்றைத் தடுத்து இன்சுலின் செவிட்டுத்தன்மையை நீக்குகிறது என்று சுண்டெலியில் காட்டினர். எப்ஸ்ரைன் கண்டதற்கு 125 ஆண்டுகளின் பின் விளக்கம் கிடைத்தது. மனிதரில் நடந்த பரிசோதனையின் முடிவு 2013இல் வந்தது: 48 வாரத்தில் நீரிழிவு அளவு ஓரளவு குறைந்தது, கூடவே தீய கொலஸ்ரரோலும் சிறுநீரிற் புரதமும் சிறிது கூடின. ஆகவே அது அருமருந்தன்று. ஆனால் அது காசுக்கணக்கில் விற்கும் பழைய மருந்து, காப்புரிமை கடந்தது. அப்பரிசோதனையை நடத்த அரசாங்கப் பணமே வேண்டியிருந்தது. மறுபுறத்தில், அழற்சிப் புரதமொன்றை அடக்கும் புதிய ஊசிமருந்தை மாரடைப்புக் கண்ட பதினாயிரம் பேரிடம் சோதித்த முடிவு 2017இல் வெளியாயிற்று. இருதய விபத்துகள் குறைந்தன, கிருமித் தொற்றால் இறப்போர் தொகை கூடிற்று, நீரிழிவு தடைப்படவில்லை. அரிய நோய்களுக்காக அமெரிக்காவில் அது விற்கப்பட்ட விலை ஆண்டுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் டொலர். காவற்படையை முற்றாக நிராயுதபாணியாக்கினால் வாசலிலே கள்வன் காத்திருக்கிறான் என்பதையே அச்சோதனை காட்டிற்று.

உணவைக் குறைப்பதன் பயனும் பொய்யன்று. உடல்நலமுள்ளோர் சிலர் ஈராண்டு தமது உணவின் சக்தியைச் சுமார் 14 விழுக்காடு குறைத்து உண்டபோது, தைமசுச் சுரப்பியிற் கொழுப்பு குறைந்து செயற்படும் பகுதி பெருகியதை 2022இல் டிக்சித் குழுவினரே அறிவித்தனர். ஆயின் எடை குறைந்த பின்னரும் கொழுப்புக் கலங்கள் தமது பழைய பருமனின் தடத்தை மரபுப்பொருளின் மேற்குறிகளிலே தாங்கி நிற்கின்றன, மீண்டும் பருக்க விரைகின்றன என்று 2024இல் சூரிச் நகரத்தார் எழுதினர். வாயைக் கட்டி மெலிந்து, மீண்டும் பருத்து, ‘மனவுறுதி இல்லாதவன்’ என்று பட்டம் வாங்கியவர்கள் இக்கட்டுரையைப் படித்திருந்தால் சற்று ஆறுதல் அடைந்திருப்பார்கள்.

நமது துணைக்கண்டத்தைப் பற்றி ஒன்று கூறாது விடுவது முறையன்று. மேலே குறித்த இலண்டன் யுட்கினும், பூனா நகரத்து வைத்தியர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் 2004இல் தம்மிருவர் புகைப்படத்தையும் அருகருகே அச்சிட்டனர். உயரத்துக்கேற்ற எடையின் சுட்டெண் இருவருக்கும் 22.3. உடலிற் கொழுப்பின் பங்கு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. தராசு இருவரையும் ஒருவராகக் கண்டது. பூனாவுக்கு அண்மையிலுள்ள ஆறு கிராமங்களிலே யாஜ்னிக் குழுவினர் 1990களின் நடுவில் கருவுற்ற பெண்களைப் பின்தொடர்ந்தனர். வயலில் உழைத்து அரைவயிறு உண்ட பெண்கள் அவர்கள். பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்ரன் குழந்தைகளின் எடை 3.5 கிலோ. பூனாக் குழந்தைகளிடம் தசை குறைந்திருந்தது. தோலடிக் கொழுப்பு மட்டும் ஏறத்தாழக் குறையாதிருந்தது. அக்குழந்தைகள் 18 வயதை அடைந்தபோது குழுவினர் மீண்டும் இரத்தத்தைச் சோதித்தனர். ஆண்களில் நூற்றுக்கு 37 பேருக்கும் பெண்களில் 18 பேருக்கும் குளுக்கோசு அளவு மீறியிருந்தது. அவ்விளைஞர்களில் ஏறத்தாழ அரைப்பங்கினர் வேண்டிய எடைக்கும் குறைவாகவே இருந்தனர்.